சம்பளமில்லாத ஆபீசில் முத்திரை குத்துவது யார்?

அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டியவர்களுக்கு முத்திரையின் மகிமை நன்றாகவே தெரியும். மனு எவ்வளவு நியாயமாக இருந்தாலும், கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், முத்திரை விழாத காகிதம் வெறுங்காகிதம்தான். எழுத்தராகச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை நான் குத்திய முத்திரைகளை வரிசையாக வைத்தால் விருத்தாசலத்திலிருந்து கடலூர் வரை நீளும்.

அங்கே சின்னத்தை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. மேலிடம் தீர்மானிக்கும், அரசாணை வரும், நாம் குத்துவோம். நம் அரசுத் தாள்களின் தலையில் நிற்கும் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940களின் கடைசியில் அன்றைய சென்னை மாகாண அரசுக்காக ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்தது அது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்றுதான் நம்மில் பலரும் சொல்லி வருகிறோம். வரைந்தவரோ, மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைந்ததாகச் சொல்லியிருக்கிறார். வரைந்தவர் சொல்லியும் ஊர் கேட்கவில்லை. பார்ப்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. பிறகு 1967க்குப் பின் அதன் வாசகம் தமிழுக்கு மாறி 'வாய்மையே வெல்லும்' ஆயிற்று. ஆக அரசாணை போட்டு வந்த சின்னத்துக்குக்கூட வரைந்தவர், ஆண்டவர், பார்த்தவர் என்று மூன்று சொந்தக்காரர்கள்.

அப்படியானால் மேலிடமே இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? சம்பளம் கிடையாது, பதவி உயர்வு கிடையாது, கண்காணிப்பாளர் கிடையாது. உலகம் முழுக்க முகம் தெரியாத ஆயிரம் பேர் தங்கள் ஓய்வு நேரத்தில் ஒன்றுகூடி ஒரு வேலை செய்கிறார்கள். அந்த வேலைக்கு ஒரு சின்னம் வேண்டும். யார் தீர்மானிப்பது? கட்டற்ற மென்பொருள் உலகத்தில் முப்பது வருஷமாக இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் 'கட்டற்ற' என்ற சொல். இங்கே என் பிரெஞ்சுப் படிப்பு கொஞ்சம் கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்றால் இலவசமும் அதுதான், சுதந்திரமும் அதுதான். புதுச்சேரியில் எங்கள் வாத்தியார்கள் சொல்லிக் கொடுத்த பிரெஞ்சில் அந்தக் குழப்பம் இல்லை. காசு கேட்காமல் கொடுப்பது 'கிராத்துய்'. கட்டிப் போடாமல் விடுவது 'லீப்ர்'. நம்மில் பலர் பென்ஷன் கணக்கு எழுத வைத்திருக்கும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளின் பெயரில் இருப்பதும் இந்த லீப்ர்தான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவருக்குக் கொடுக்கலாம். தமிழில் இதற்குக் 'கட்டற்ற மென்பொருள்' என்று பெயர் வைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களைப் போலவே சரியாக யோசித்திருக்கிறார்கள். 'இலவச மென்பொருள்' என்று வைத்திருந்தால் ரேஷன் கடை வரிசைதான் ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

இது எங்கோ வெளிநாட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 2007 வாக்கில் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது பலருக்கு நினைவிருக்கும். அந்த சூசேயின் சின்னம் ஒரு பச்சைப் பச்சோந்தி. 'அரசாங்க ஆபீசுக்குப் பொருத்தமான பிராணிதான்' என்று அன்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்தப் பச்சோந்தி கடைசியில் மறுபடியும் வரும், மறந்துவிடாதீர்கள்.

ஒரு சின்னத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று சிலர் கேட்கலாம். பீங்கான் ஊரில் இருப்பவர்கள் அப்படிக் கேட்கக் கூடாது. மண்பாண்டத்தின் அடியில் குத்திய முத்திரைதான் உலகத்தின் பழைய லோகோக்களில் ஒன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரில் செய்த சிவப்பு மெருகுப் பாத்திரத் துண்டுகள் கிடைத்தன. சிலவற்றில் செய்த பட்டறைக்காரரின் பெயர் முத்திரையாகப் பதிந்திருந்தது. சுமார் இரண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்தும், 'இது இன்ன பட்டறைச் சரக்கு' என்று அந்த முத்திரை சாட்சி சொன்னது. அதே அரிக்கமேட்டில் தமிழ்ப் பிராமி எழுத்துக் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. தமிழகத்து ஓடுகளில் இத்தகைய கீறல்களில் பெரும்பாலானவை பானையைச் சுட்ட பிறகு கீறியவை என்பது தொல்லியல் அறிஞர்கள் கருத்து. ஈரமண்ணில் முத்திரை குத்துபவன் செய்தவன். சுட்ட பானையில் கீறுபவன் பெரும்பாலும் அதை வைத்துப் புழங்கியவன்.

பிரான்சின் செவ்ர் பீங்கான் ஆலை இன்னொரு விதம். அது அரசர் ஆலை. பாண்டத்தின் அடியில் லூயி மன்னர் பெயரின் முதல் எழுத்து இரண்டு முறை, ஒன்றையொன்று பின்னிக்கொண்டு இருக்கும். புரட்சி வந்து மன்னர் தலை போனதும் அந்த எழுத்துகளும் போயின. 'பிரெஞ்சுக் குடியரசு' என்பதன் முதலெழுத்துகள் வந்து உட்கார்ந்தன. அதே மண், அதே சூளை. அடியில் இருந்த குறி மட்டும் ஆட்சியோடு மாறியது. சின்னம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் ஆலைக்குச் சொந்தக்காரர்கள் என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது.

இனி மென்பொருள் கதைக்கு வருவோம்.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தை 1991இல் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர். 1996இல் அதற்கு ஒரு சின்னம் வேண்டும் என்று பேச்சு எழுந்தது. டோர்வால்ட்ஸுக்குப் பென்குயின் மீது பிரியம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்திருக்கும் பென்குயின் வேண்டும் என்றார். அமெரிக்காவில் டெக்சாஸில் இருந்த லாரி யூயிங் என்பவர் 'கிம்ப்' என்ற கட்டற்ற ஓவிய மென்பொருளிலேயே அதை வரைந்தார். போட்டிகளும் நடந்தன. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பென்குயின் எந்தப் போட்டியிலும் ஜெயிக்கவில்லை. ஆனாலும் இன்று லினக்ஸ் என்றால் உலகத்துக்கு அந்த டக்ஸ் பென்குயின்தான். போட்டியில் ஜெயித்தவை எவை என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

யூயிங் போட்ட நிபந்தனையும் ரொம்பச் சின்னது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், மாற்றுங்கள், யாராவது கேட்டால் என் பெயரையும் கிம்ப் பெயரையும் சொல்லுங்கள். அவ்வளவுதான். ஜனங்கள் அதைச் சட்டையில் போட்டார்கள், பொம்மையாகத் தைத்தார்கள், தொப்பி மாட்டினார்கள். எந்தத் தீர்மானமும் நிறைவேறவில்லை. கை மாறி மாறிப் புழங்கியே அது சின்னமாகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறாக, சட்டம் எழுதி வைத்துக்கொண்டு நடந்தவர்கள் டெபியன் குழுவினர். இதுவும் லினக்ஸைச் சேர்ந்த ஒரு தன்னார்வக் கூட்டம்தான், 1993இல் இயன் மர்டாக் தொடங்கியது. தங்களுக்கென்று ஓர் அரசியல் சாசனமே எழுதி வைத்திருக்கிறார்கள். 1999இல் சின்னத்துக்காக வாக்கெடுப்பு நடத்தினார்கள். ரவுல் சில்வா என்பவர் வரைந்த சிவப்புச் சுழி தேர்வாயிற்று. அதில் இரண்டு வடிவம். ஒன்று எல்லோரும் பயன்படுத்த, மற்றொன்று குழுவின் அதிகாரபூர்வ காரியங்களுக்கு மட்டும். எது எதற்கு என்பதை மாற்றி வைக்கலாமா என்று மறுபடியும் ஒரு வாக்கெடுப்பு வைத்து, மாற்றியும் விட்டார்கள்.

அவர்கள் வாக்குச்சீட்டைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதாது, முதலாவது, இரண்டாவது என்று விருப்பப்படி வரிசைப்படுத்த வேண்டும். அந்தப் பட்டியலில் 2022 வரை 'மேலும் விவாதிக்கலாம்' என்பதும் ஒரு வேட்பாளராக நின்றது! கோப்பில் அதிகாரிகள் 'பேசுக' என்று எழுதித் திருப்பி அனுப்புவார்களே, அதேதான். நம் ஆபீசில் 'பேசுக' என்றால் கோப்பு ஆறு மாதம் தூங்கும். அவர்கள் அதையே வாக்குரிமை ஆக்கிவிட்டார்கள். வந்திருக்கும் எதுவும் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்லவும் ஒருவனுக்கு வழி இருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

எனக்கு மிகவும் பிடித்தது 2003ஆம் வருஷத்துப் போட்டி. நம்மில் பலர் பேரப்பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்காகத் திறக்கும் விக்கிப்பீடியாவின் கதை இது. பல மொழிகளில் வளரத் தொடங்கியிருந்த அந்தக் கலைக்களஞ்சியத்தின் பழைய சின்னத்தில் ஆங்கில வாசகம் நிறைந்திருந்தது. அந்த ஜூலையில் புதுச் சின்னத்துக்குப் போட்டி அறிவித்தார்கள், ஆகஸ்ட் கடைசி வரை வடிவங்கள் வந்தன. பங்களிப்பவர்கள் வாக்களித்தார்கள். பால் ஸ்டான்சிஃபர் என்ற இளைஞர் கொடுத்த உருண்டைப் புதிர் ஜெயித்தது. ஆனால் ஜெயித்ததை அப்படியே மாட்டவில்லை. மற்றவர்கள் அதை எடுத்துத் திருத்தித் திருத்தி வடிவங்கள் போட, டேவிட் ஃப்ரீட்லேண்ட் என்பவர் திருத்திய வடிவம்தான் கடைசியில் நிலைத்தது. பல எழுத்துகள் பதித்த துண்டுகளால் ஆன உருண்டை, மேலே சில துண்டுகள் இன்னும் சேரவில்லை. வேலை முடியவில்லை என்பதையே சின்னமாக்கிவிட்டார்கள்.

அந்தப் போட்டியில் தோற்றவையும் வீணாகவில்லை. இரண்டாவதாக வந்தது விக்கிமீடியா அறக்கட்டளைக்குச் சின்னமாயிற்று. மூன்றாவதாக வந்தது ஒரு சூரியகாந்திப் பூ. ஃப்ளோரான்ஸ் தெவுவார் என்ற பிரெஞ்சுப் பெண்மணி எடுத்த படத்தை வைத்து எரிக் மொல்லர் என்பவர் செய்தது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளுக்கு அந்தப் பூவே சின்னமாயிற்று. பூவைப் படமெடுத்த அம்மையார் பிற்பாடு அந்த அறக்கட்டளைக்கே தலைவரானார். பிறகு இன்னொரு வாக்கெடுப்பு, அதுவும் இரண்டு சுற்று. 2021இல் படத்துக்குப் பதிலாக எளிய கோடுகளால் ஆன பூ வந்தது. ஆள் மாறினாலும் பூவைக் கைவிடவில்லை.

இப்போது நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் போட்டி நடந்தபோது தமிழ் விக்கிப்பீடியா பிறக்கவே இல்லை. 2003 செப்டம்பர் கடைசியில்தான் அது தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன், அபுதாபியில் வேலை பார்த்துக்கொண்டே, அதே வருஷம் நவம்பரில் அதில் எழுதத் தொடங்கினார். கட்டடக் கலைஞரான அவர் தனியொருவராக ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். ஆக, வாக்குச்சீட்டு விநியோகித்த நேரத்தில் தமிழுக்கு அந்த மேசையில் நாற்காலியே கிடையாது.

நாற்காலி இல்லாத மொழிகளுக்கு என்ன ஆகும் என்பதை அந்த உருண்டையே காட்டியது. அதில் தேவநாகரி எழுத்து ஒன்று தவறாக இருந்தது. மெய்யும் உயிர்க்குறியும் சேர வேண்டிய முறையில் சேரவில்லை. கணினியில் தமிழ் அடித்த ஆரம்ப காலத்தில், 'கெ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் 'க' ஒரு பக்கமும் போய் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை புரியும். ஜப்பானிய எழுத்திலும் ஒரு பிழை இருந்தது. 2007இல் அமெரிக்காவின் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையே இதைப் பற்றி எழுதியது. இன்னொரு வேடிக்கை: 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடருக்காகக் கற்பனையாக உருவாக்கிய கிளிங்கன் மொழியின் எழுத்துக்கு அந்த உருண்டையில் இடம் கிடைத்திருந்தது! பேசுவதற்கு ஒரு கிராமம்கூட இல்லாத மொழிக்கு ரிசர்வேஷன், கோடிப் பேர் எழுதும் எழுத்துக்குப் பிழை.

2010இல் உருண்டையை முழுதாகப் புதிதாகச் செய்தார்கள். பிழைகள் திருத்தப்பட்டன. கிளிங்கன் எழுத்து வெளியேறி எத்தியோப்பிய எழுத்து வந்தது. இன்றைய உருண்டையில் நம் 'வி' எழுத்தும் இருக்கிறது. கீழே உள்ள வாசகத்தைத் தமிழ்ப் பங்களிப்பாளர்களே தீர்மானித்தார்கள்: 'கட்டற்ற கலைக்களஞ்சியம்'. ஓட்டுப் போடும் நாளில் நாம் இல்லாமல் போகலாம். வந்து வேலை செய்தால் திருத்தும் நாளில் நம் பேச்சு எடுபடும். இந்தச் சமூகங்களிடம் எனக்குப் பிடித்த குணம் இதுதான். அரசாங்க முத்திரையில் தலைகீழாக ஓர் எழுத்து விழுந்தால் திருத்துவதற்குள் எத்தனை 'தொடர்பான பார்வை' எழுத வேண்டும் என்று நமக்குத் தெரியாதா?

இதுவரை சொன்னது எல்லாம் நல்ல கதை. கெட்ட கதையும் உண்டு. அது சட்டம் உள்ளே வரும்போது தொடங்குகிறது.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவி எல்லோருக்கும் தெரியும், பூமியைச் சுற்றிப் படுத்திருக்கும் நெருப்பு நரி. மென்பொருள் கட்டற்றது. அதன் பெயரும் சின்னமும் மொசில்லாவின் வணிகக்குறி. டெபியன்காரர்கள் 'எங்கள் விதிப்படி மாற்ற அனுமதியில்லாத படத்தை நாங்கள் சேர்க்க முடியாது' என்று சின்னத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2006இல் மொசில்லா தரப்பு, பெயர் வேண்டுமென்றால் சின்னத்தோடு சேர்த்துத்தான், நீங்கள் செய்யும் திருத்தங்களையும் எங்களிடம் காட்ட வேண்டும் என்றது. டெபியன் பெயரையே மாற்றிவிட்டது. நெருப்பு நரிக்கு எதிராகப் 'பனி மரநாய்' என்று பொருள்படும் 'ஐஸ்வீசல்' என்ற பெயரில் அதே உலாவியைக் கொடுத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 2016இல்தான் சமாதானமாகிப் பழைய பெயர் திரும்பியது.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். யார் வேண்டுமானாலும் மாற்றிவிட்டு அதே பெயரில் கொடுக்கலாம் என்றால், எவனோ ஒருவன் விஷத்தைக் கலந்து நரிச் சின்னம் ஒட்டிக் கொடுப்பான். அரெஸ்ஸோ குயவரின் முத்திரையை வேறொருவன் மட்டமான பானையில் குத்துவது மாதிரி. ஆனால் முத்திரையைப் பூட்டி வைத்துக்கொண்டு 'எங்கள் அனுமதி இல்லாமல் தொடாதே' என்றால், பிறகு கட்டற்றது என்ற சொல்லுக்கு என்ன மரியாதை?

விக்கிமீடியாவிலும் இது வந்தது. தன்னார்வலர்கள் தங்கள் சமூகத்துக்கென்று வைத்திருந்த ஒரு சின்னம் உண்டு. அதை வரைந்தவர் யாருக்கும் உரிமை வைக்காமல் பொதுவில் விட்டிருந்தார். அறக்கட்டளை அதை வணிகக்குறியாகப் பதிவு செய்தது. பாதுகாப்புக்காகத்தான் என்றார்கள். 2013இல் தன்னார்வலர்கள் சிலர் 'இது எங்கள் சின்னம், உங்கள் பெயரில் பட்டா போட உங்களை யார் கேட்டது?' என்று முறைப்படி ஆட்சேபணை கொடுத்தார்கள். அறக்கட்டளை அந்தச் சின்னத்தின் மீதான உரிமையை விட்டுக்கொடுத்தது. அடுத்த வருஷம், 2014 அக்டோபரில், தன் மற்றச் சின்னங்களின் பதிப்புரிமையையும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. புறம்போக்கைப் பட்டா போடப் போய் ஊர்க்காரர்கள் மறித்த கதைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றும் இருக்காது.

பச்சோந்தியை மறக்க வேண்டாம் என்றேனே. சூசே நிறுவனத்தின் பெயரைத் தாங்கி 'ஓப்பன்சூசே' என்ற தன்னார்வச் சமூகம் நெடுநாளாக இயங்கி வருகிறது. 2024இல் அந்த நிறுவனம், உங்கள் திட்டத்துக்கு எங்கள் பெயர் வேண்டாம், வேறு பெயர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டது. வருஷக் கணக்கில் சம்பளமில்லாமல் உழைத்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? கூலி வாங்காதவனுக்கு மிச்சம் இருப்பது பெயர் ஒன்றுதான். அதுவும் மற்றவன் வீட்டுப் பட்டாவில் இருந்தால் கைவிரித்துவிட்டு நிற்க வேண்டியதுதான்.

சரி, கடைசியில் யார் தீர்மானிப்பது? நம் ஊர்த் தலபுராணம் இதற்கு ஒரு பாதி விடை வைத்திருக்கிறது. விபசித்து முனிவர் விருத்தகிரீஸ்வரர் கோயில் திருப்பணி செய்தபோது வேலையாட்களுக்குக் கூலியாக வன்னி மரத்து இலையைக் கொடுத்தார் என்பதும், அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி அது பொற்காசாக மாறியது என்பதும் இங்கே குழந்தைக்கும் தெரியும். மேஸ்திரி கணக்கு எழுதவில்லை, சிபாரிசு இல்லை. வேலையே அளந்தது. கட்டற்ற மென்பொருள் சமூகங்களில் செல்வாக்கும் பெரும்பாலும் இந்த வன்னி இலைதான். யார் அதிகம் உழைத்தாரோ அவர் சொல்லுக்கு எடை அதிகம். கிம்ப்பில் உட்கார்ந்து வரைந்தவர், பிழை கண்டு திருத்தியவர், வருஷக் கணக்கில் கட்டுரை எழுதியவர் ஆகியோர் கை உயர்த்தும்போது மற்றவர்கள் கேட்கிறார்கள்.

மற்றப் பாதி விடை, அந்தக் கதையின் சொல்லப்படாத பகுதியில் இருக்கிறது. பொன் வேலையாட்களுக்குப் போயிற்று. கோயில் யாருக்கும் போகவில்லை. அதிகம் உழைத்த கொத்தனாரும் கோபுரத்தைத் தன் பெயரில் எழுதிக் கேட்கவில்லை, முனிவரும் கேட்கவில்லை. சின்னமும் அப்படி இருந்தால்தான் சண்டை வராது. வரைவதற்குத் திறமை உள்ளவர் வேண்டும், தேர்ந்தெடுக்க உழைக்கிறவர்கள் வேண்டும், போலிகளை விரட்டக் காவலர் வேண்டும். ஆனால் காவலர் சொந்தக்காரர் ஆகிவிடக் கூடாது. அதை ஆரம்பத்திலேயே எழுத்தில் வைத்துவிட வேண்டும். எழுத்தில் வைக்காத நல்லெண்ணம் அடுத்த அதிகாரி வரும் வரைதான் என்பது என் உத்தியோக அனுபவம்.

அரசாங்கமே தேர்ந்தெடுத்தாலும் தன்னார்வலர் கை படாமல் சின்னம் நடமாடுவதில்லை என்பதற்கு நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரே சாட்சி. இந்திய ரூபாய்க்குக் குறியீடு வேண்டும் என்று மத்திய அரசு போட்டி வைத்தபோது 3,331 வடிவங்கள் வந்தன. அவற்றில் ஐந்தைப் பொறுக்கி, 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த உதயகுமார் வரைந்த வடிவத்துக்கு. முறைப்படி அன்றே முடிந்தது. ஆனால் எந்தக் கணினியிலும் அதை அடிக்க முடியவில்லை. யூனிகோடில் இடம் கிடைத்து, அந்த அக்டோபரில் வந்த உபுண்டு 10.10 என்ற கட்டற்ற இயங்குதளம்தான் அதை முதலில் இயல்பாகக் காட்டியது. மேலிடம் பிள்ளைக்குப் பெயர் வைத்தது, நடை பழக்கியவர்கள் இந்த ஆட்கள்.

விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் காஞ்சிபுரத்திலும் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் வாராவாரம் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுக்கின்றன. 'கணியம்' இதழ் 2012 முதல் தமிழிலேயே இதையெல்லாம் எழுதி வருகிறது. உங்கள் பேரன் பேத்திகள் அங்கே போவதாகச் சொன்னால் தடுக்காதீர்கள். அடுத்த உருண்டை செய்யும்போது நாற்காலி காலியாக இருக்கக் கூடாது.

இதை எழுதத் தொடங்கிய பிறகு என் வீட்டுக் கொலுப்பெட்டியைத் திறந்து, நம் ஊர்ப் பீங்கான் பொம்மைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிள்ளையார், தம்பதிகள், தஞ்சாவூர் பொம்மை போல் ஒன்று. எதன் அடியிலும் ஒரு குறியும் இல்லை. விருத்தாசலம் என்று சொல்ல ஓர் எழுத்துகூடக் கிடையாது. இரண்டாயிரம் வருஷம் கழித்து யாராவது தோண்டி எடுத்தால், 'எந்த ஊர்ச் சரக்கோ' என்றுதான் எழுதி வைப்பார்கள்.

நம் பீங்கான் தொழிற்பேட்டையின் சின்னச் சின்னப் பட்டறைகள் ஒருநாள் ஒன்றுகூடி, அடியில் குத்துவதற்கு ஒரு பொதுக் குறி வேண்டும் என்று முடிவு செய்தால், ஆலோசனைக் குழு, ஒருங்கிணைப்பாளர் என்று ஆரம்பிக்க வேண்டாம். பீங்கான் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். அச்சு வார்க்கும், சூளை அடுக்கும், பொம்மைக்குக் கண் எழுதும் கைகளுக்கு வாக்குச்சீட்டைக் கொடுங்கள், கண் எழுதும் பெண்களுக்கு முதலில். சீட்டில் 'மேலும் பேசலாம்' என்று ஒரு வரியும் அச்சடியுங்கள். எந்த முதலாளி பெயரிலும் பட்டா போடாமல் எல்லோருக்கும் பொதுவாகப் பதியுங்கள். பிறகு ஈரமண்ணில் குத்துங்கள். சுட்ட பிறகு அது அழியாது.